ராஜ விசுவாசி லாசரைத் தேடி: ஒக்கலிபுரம் முதல் ஆனேக்கல் வரை

இந்தப் பயணம் அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமைகளில் நடந்தது. முதல் சனிக்கிழமை நான் எங்கே போனேன் என்று அப்பாவுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது. அந்த இரண்டாவது சனிக்கிழமை இன்றுதான். போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் அக்கா ஜெனி தூங்குகிறாள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், கோயில்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்றபடி நேரம், தூரம், செலவு எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு ராஜ விசுவாசி தாத்தா இருந்து, கோயில் பதிவேட்டில் அவரைத் தேட நினைத்தால் இது உதவும். உதவாமலும் போகலாம்.

எங்கள் வீடு கர்நாடகத் தலைநகரத்தில், ஒக்கலிபுரத்தில். நான் பத்தாம் வகுப்பு. அப்பா பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர், அம்மா நர்ஸ். எங்கள் ஹாலில் டிவிக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. என் தாத்தா காலத்தில் கோயிலிலிருந்து எழுதி வாங்கிய திருமணப் பதிவேட்டு நகல் அது. லத்தீனில் நாலே வரி. அப்பாவின் கொள்ளுத் தாத்தா லாசரும் அந்தோணியம்மாளும் கல்யாணம் செய்துகொண்ட பதிவு. அதில் இரண்டாவது வரி 'ஃபிதேலிஸ்' என்ற சொல்லோடு தொடங்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டுவார்.

"ஃபிதேலிஸ்னா லாயல். நம்ம லாசர் தாத்தா லாயலிஸ்ட். கண்டோன்மென்ட்ல குதிரைப்படை லைன்ல இருந்தாரு. மத்தவன் எல்லாம் வேலையைப் போட்டுட்டு ஓடினப்ப இவர் மட்டும் நின்னாரு. அதுக்காக வெள்ளைக்கார கேப்டன் சொல்லி, கோயில் புஸ்தகத்துலயே ராஜ விசுவாசின்னு எழுத வச்சாங்க."

நான் ஐந்தாவது படிக்கும்போது தாத்தா இறந்தார். அந்தத் தாளுக்கு அப்பா சட்டம் போட்டது அப்போதுதான். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணாடியை இரண்டு விரலால் தொட்டு சிலுவை போட்டுக்கொள்வார்.

இப்போது ஏன் இந்தத் தேடல் என்றால், அக்காவின் கல்யாணம். அவள் ஆபீஸில் கூட வேலை செய்யும் பிரகாஷ் அண்ணாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். அவரும் கத்தோலிக்கர்தான், தமிழ்தான். ஆனால் அவருடைய அம்மா இருபத்தாறு வயதில், தன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் ஞானஸ்நானம் வாங்கினார். இப்போது அவர் கணவர் இல்லை. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிடும் முன் மெதுவாக, ஒவ்வொரு இடமாகத் தொட்டு சிலுவை போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் படியிறங்கியதும் அப்பா சொன்னார்: "சிலுவை போடுறதப் பாத்தியா? புதுசா டைப்பிங் கத்துக்கிட்ட மாதிரி. கல்யாணத்துக்காக தண்ணி ஊத்திக்கிட்டவங்க. நாலு தலைமுறைக்குக் கோயில் பதிவு கொண்டுவரச் சொல்லு, அப்புறம் பேசலாம். நம்மகிட்ட இருக்கு."

அக்கா அழவில்லை. "அப்பா கையைப் பிடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம். வேற யாரையும் பாக்கவும் வேணாம்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நாளை ஞாயிறு, பூசை முடிந்து பதினொரு மணிக்குப் பிரகாஷ் அண்ணாவும் அவர் அம்மாவும் வருகிறார்கள். முடியாது என்று சொல்லத்தான் அப்பா கூப்பிட்டிருக்கிறார். சட்டத்தைக் காட்டியே சொல்லப்போகிறார். அதற்குப் பக்கத்தில் மாட்ட, கோயில் முத்திரையோடு புதுசாக, பெரிய எழுத்தில் ஒரு நகல் வேண்டும் என்று போன வாரம் என்னை அனுப்பினார். இதுதான் முதல் சனிக்கிழமை.

ஒக்கலிபுரத்திலிருந்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குக் காலை 9.10க்கு நடக்க ஆரம்பித்தேன், 25 நிமிடம். அங்கிருந்து கண்டோன்மென்ட் பக்கம் போகும் பஸ். கர்நாடகத்தில் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் மட்டும் காட்ட வேண்டும். "ஆதார் தோர்சம்மா" என்று கண்டக்டர் கேட்கும் முன்பே கையில் வைத்திருங்கள். இறங்கி ஏழு நிமிடம் நடந்தால் கோயில். ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கிறது, சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

ஆபீஸில் ஸ்டெல்லா ஆன்ட்டி என்று ஒருவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்கும்மா? பாஸ்போர்ட்டுக்கா?"

"இல்ல ஆன்ட்டி. எங்க அப்பாவோட கொள்ளுத் தாத்தா கல்யாணப் பதிவு. அவர் லாயலிஸ்ட்."

"என்ன லிஸ்ட்டு?"

விளக்கிச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "சரி, பேனாவைப் பையில வை. இந்த ரூம்ல பென்சில் மட்டும்தான். மை சிந்துச்சுன்னா ஒரு குடும்பமே போயிடும்." நல்ல வேளையாக என் பவுச்சில் பென்சிலும் ரப்பரும் இருந்தன. சட்டத்தை ஃபோனில் படம் எடுத்துப் போயிருந்ததால் வருடம் தெரிந்தது. அப்படியும் பக்கத்தைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பதிவேட்டைப் படம் எடுக்க விட மாட்டார்கள், பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

"எனக்கு லத்தீன் தெரியாதும்மா" என்றார் ஆன்ட்டி. "ஆனா இந்தப் புக்குல திரும்பத் திரும்ப வர்ற முப்பது வார்த்தை தெரியும். மகன், மகள், விதவை, சாட்சி. இந்த ஃபிதேலிஸும் அதுல ஒண்ணு."

"லாயல்தானே ஆன்ட்டி? ராஜ விசுவாசி?"

"ராஜாவும் இல்ல மந்திரியும் இல்ல. வெறும் விசுவாசி. ஞாயித்துக்கிழமை சாமியார் பிரசங்கத்துல விசுவாசிகளேன்னு கூப்பிடுறாரே, அது. ஞானஸ்நானம் வாங்கினவங்கன்னு அர்த்தம். உங்க வீட்டுல யாரோ தமிழ்ல விசுவாசின்னு கேட்டு, அதை இங்கிலீஷ்ல லாயல்னு போட்டு, அப்புறம் கேப்டன், குதிரை எல்லாம் சேத்துட்டாங்க."

எனக்குக் காது சூடானது. அது போதாதென்று அவர் "இரு, இரு" என்றார். விரல் இரண்டாவது வரியிலிருந்து முதல் வரியின் கடைசிக்குப் போனது.

"அதுவும் இல்ல. இங்க பாரு, வரி எங்க முடியுதுன்னு."

எங்கள் வீட்டுத் தாளில் முதல் வரி 'மகன்' என்பதற்கான சொல்லோடு நின்றுவிடும். பதிவேட்டில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பெயர் இருந்தது. முனிசாமி. அதற்குப் பிறகு 'இன்' என்று இரண்டு எழுத்து, ஒரு சின்னக் கோடு. மீதிச் சொல் அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"சேத்துப் படி."

"இன்... ஃபிதேலிஸ்."

"அதான். விசுவாசி இல்லாதவர். அஞ்ஞானின்னு அந்தக் காலத்துல எழுதுவாங்க. கேட்டா கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அப்படித்தான் எழுதினாங்க. அஞ்ஞானியான முனிசாமியின் மகன் லாசர். அவ்வளவுதான் இதுல இருக்கு."

முனிசாமி என்ற பெயரை எங்கள் வீட்டில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது: லாசருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஆனேக்கல் பக்கம் ஒரு கோயிலில். ஆன்ட்டி முழு நகலும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். நூறு ரூபாய், ரசீது உண்டு. நான் கேட்காமலே ஆனேக்கல் கோயிலுக்கு ஒரு கடிதமும் எழுதினார். "இது இல்லாம எந்தக் கோயில்லயும் புக்கைத் தொட விடமாட்டாங்க. அப்பாவையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்பாவைக் கூட்டிப் போவதா! வீட்டுக்கு வந்ததும் "கிடைச்சுதா?" என்று கேட்டார். "ஆன்ட்டி எழுதி வைக்கிறேன்னு சொன்னாங்கப்பா, அடுத்த வாரம்" என்றேன். நகல் என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்குள் இருந்தது. அப்பாவிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. அக்காவிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அப்பா முகத்துக்கு நேராகக் கத்திவிடுவாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனேக்கலுக்கு நான் உண்மையைக் கண்டுபிடிக்கப் போகவில்லை. ஆன்ட்டி தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். அப்பா ஐந்து வருடமாக விரல் வைத்துக் காட்டிய சொல் அது. அது பொய்யாக இருக்க முடியாது.

இன்று காலை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு 6.45க்குக் கிளம்பினேன். யூனிஃபார்ம்தான் போட வேண்டியிருந்தது. மெஜஸ்டிக்கில் 7.20க்குப் பஸ், ஆனேக்கல் ஸ்டாண்டில் 9.25. கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர். சந்தாபுரத்தில் மட்டும் இருபது நிமிடம் நகரவே இல்லை. வலது பக்கம் உட்காராதீர்கள், போகும்போது வெயில் அந்தப் பக்கமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் ஜன்னல் மூடவில்லை, தூசி.

ஸ்டாண்டிலிருந்து கோயில் 7 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். டிரைவர் கன்னடத்தில் தொடங்கி என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "ஸ்கூல் இந்தப் பக்கம் இல்லையே பாப்பா?" "கோயிலுக்கு அண்ணா." "பரீட்சையா? நல்லா வேண்டிக்கோ. எங்க பையனுக்கும் சேத்து வேண்டிக்கோ, அவன் படிக்கவே மாட்டேங்கிறான்." வழி முழுக்க அவர் பையனின் மார்க்கைப் பற்றியே பேசினார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

சின்னக் கோயில். சாமியார் இல்லை. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மட்டும் மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கடிதத்தை ஈரக் கையால் தொடாமல், என்னையே பிரித்துப் பிடிக்கச் சொல்லிப் படித்தார்.

"கிளாஸை கட் அடிச்சிட்டு வந்தியா?"

நான் குனிந்து என் யூனிஃபார்மைப் பார்த்தேன்.

"சரி விடு. இங்க வர்றவங்க எல்லாம் வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடி வருவாங்க. எங்க ரத்தத்துல ஒரு ஐரிஷ்காரன் இருக்கான், கண்ணைப் பாருங்கன்னு ஒருத்தர் போன வாரம் ஒரு மணி நேரம் நின்னாரு. கண்ணு என் கண்ணு மாதிரிதான் இருந்துச்சு. நீ யாரைத் தேடுற?"

"லாசர். முனிசாமி மகன்."

அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞானஸ்நானப் பதிவேடு இரும்பு அலமாரியில், துணியில் சுற்றி இருந்தது. அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. உபதேசியார் தமிழாக்கிச் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதினேன். லாசர், முன்பு முனியன். வயது சுமார் இருபத்திரண்டு. அஞ்ஞானியான முனிசாமியின் மகன். தொழில் என்ற இடத்தில் மட்டும் சாமியார் லத்தீன் சொல் தெரியாமல் ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டார்: கிராஸ்கட்டர். குதிரைப்படைக் குதிரைகளுக்குப் புல் அறுத்துக் கொண்டுபோய்ப் போடுகிறவர். ஆக, குதிரை மட்டும் நிஜம்.

தேதியைக் கண்டோன்மென்ட் நகலோடு வைத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்குச் சரியாக எட்டு நாள் முன்பு.

உபதேசியாரும் விரல் விட்டு எண்ணினார். "பொண்ணு புடிச்சிப்போச்சு. வந்து தண்ணி ஊத்திக்கிட்டாரு. இப்பவும் அதானே நடக்குது? என்னம்மா, உக்காரு, உக்காரு. காலைல சாப்டியா?"

நான் உட்கார்ந்தது எனக்கு நினைவில்லை. அவர் கொடுத்த பன்னைக் கையில் வைத்திருந்தது நினைவிருக்கிறது. எட்டு நாள். பிரகாஷ் அண்ணாவின் அம்மாவுக்கு ஒரு வாரம். ஒரு நாள்தான் வித்தியாசம். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும் பெரிய தூரம் என்று அப்பா சொன்னது அந்த ஒரு நாள்.

திரும்பி ஆனேக்கல் ஸ்டாண்டில் நிற்கும்போது, 11.50க்கு அப்பா ஃபோன் செய்தார். எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்துவிட்டேன். எடுத்த அதே நேரம் பக்கத்து பஸ் கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, வாங்க வாங்க என்று கன்னடத்தில் ஆள் கூப்பிட்டுக் கத்தினார்: "ஹொசூரு ஹொசூரு ஹொசூரு! பன்னி பன்னி!"

"கிளாஸ் எங்க நடக்குது?" என்றார் அப்பா.

"ஸ்கூல்லதாம்பா. பிரேக்."

"ஸ்கூலுக்குள்ள ஹொசூர் பஸ் வருதா?"

"கேட்கிட்ட நிக்கிறேன்பா."

"பாத்து வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஒக்கலிபுரத்தில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் ஹொசூர் பஸ் நிற்காது. அது அவருக்குத் தெரியும். திரும்பி வந்த இரண்டு மணி நேரமும் பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்த அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்து, கடலைப் பருப்பு அளவுக்கு ஆக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி 2.40. அம்மா டியூட்டியில், அக்கா கடைக்குப் போயிருந்தாள். சட்டத்தைக் கழற்றினேன். தாத்தா நகல் வாங்கும்போதே யாரோ வரியை அரைகுறையாக எழுதிக் கொடுத்திருப்பார்கள், அப்பாவுக்கு அதனால்தான் தெரியவில்லை என்று நிரூபிக்க விரும்பினேன். பின்பக்கம் வளைத்த நாலு ஆணிகளை ஸ்கேலால் நிமிர்த்தி, அட்டையை எடுத்தேன்.

தாள் அரைகுறையாக இல்லை. வலது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னால் மடிந்திருந்தது. சட்டத்துக்கு இடம் போதாமல் மடித்திருப்பார்களோ என்று பார்த்தேன். சட்டத்துக்குள் இடது பக்கம் அதே அளவு இடம் காலியாகவே இருந்தது. தாளை நகர்த்தி வைத்திருந்தாலே போதும், மடிக்கத் தேவையே இல்லை.

மடிப்பைப் பிரித்தேன். 'முனிசாமி இன்' என்று மையில் இருந்தது. அதன் கீழே பென்சிலில், தமிழில், ஒரே ஒரு சொல்: அஞ்ஞானி. 'ஞா'வின் காலை வளைத்து மேலே இழுத்து எழுதும் கையெழுத்து. என் நோட்டுக்கு அட்டை போட்டு, ஒவ்வொரு வருடமும் 'ஞாயிறு' வரை டைம்டேபிள் எழுதிக் கொடுக்கிற கை.

அப்பாவுக்குத் தெரியும். சட்டம் போட்ட அன்றைக்கே தெரியும். யாரிடமோ கேட்டு, அர்த்தம் எழுதி, பிறகு மடித்திருக்கிறார்.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு எழுந்தேன். மடிப்பை நீவி நேராக்கினேன். தாளை இடது பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்தேன். முதல் வரி முழுதாகத் தெரிந்தது, முனிசாமியும் தெரிந்தார், பென்சில் சொல்லும் தெரிந்தது. ஆணிகளை வளைத்து, கண்ணாடியைத் துடைத்து, அதே இடத்தில் மாட்டினேன். கைகால் கழுவிவிட்டு கெமிஸ்ட்ரி படிப்பது மாதிரி உட்கார்ந்தேன்.

அப்பா 7.10க்கு வந்தார். வழக்கம்போல இரண்டு விரலைக் கண்ணாடியில் வைத்தார். விரலை எடுக்கவில்லை. சிலுவையும் போடவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"கண்ணாடி தொடச்சியா?" திரும்பாமலே கேட்டார்.

"ஆமாப்பா."

அடி விழும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அடிப்பதில்லை, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

"போய் தயிர் வாங்கிட்டு வா" என்றார்.

ஃபிரிஜ்ஜில் தயிர் இருந்தது. நான் போனேன். கடைக்குப் போய்வர கால் மணி நேரம். திரும்பும்போது சுவரில் வெறும் ஆணிதான் இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். சட்டம் இருந்தது. தாள் நகரவில்லை. 'முனிசாமி இன்' அப்படியே இருந்தது. அதன் கீழே பென்சிலில் எழுதிய சொல் மட்டும் இல்லை. அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. டிவி ஸ்டாண்டில் என் பவுச் திறந்து கிடந்தது, பக்கத்தில் என் ரப்பர், சுற்றிலும் கறுப்புத் துகள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, உப்பு கொஞ்சம் கம்மி என்று அம்மாவிடம் சொன்னார். புது நகல் எங்கே என்று என்னிடம் கேட்கவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், ஆபீஸ் மதியத்துக்குப் பிறகு திறந்திருக்காது. அடுத்த கோயிலின் பதிவேட்டைப் பார்க்க, முதல் கோயில் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் கட்டாயம். ஆனேக்கல் போய்வர எனக்கு ஆட்டோ மட்டும்தான் செலவு, அறுபது ரூபாய். ஆண்களுக்கு பஸ் டிக்கெட்டும் சேரும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அந்த ஊரில் கடை இல்லை, எல்லா உபதேசியாரும் பன் கொடுக்க மாட்டார்கள். நகல் கையில் வாங்கியதும் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் தனியாகப் போனது தப்பு. அதைப் பெருமையாக எழுதவில்லை.

பென்சிலோடு ரப்பரும் எடுத்துப் போங்கள்.

நாளை பதினொரு மணிக்கு அவர்கள் வருவார்கள். அந்த அம்மா சட்டத்துக்கு நேரே உள்ள நாற்காலியில்தான் போனமுறை உட்கார்ந்தார். அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. விரலை எந்தச் சொல்லின் மேல் வைப்பார் என்றும் தெரியாது. என் ரப்பர் இன்னும் டிவி ஸ்டாண்டில்தான் இருக்கிறது. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.